கிண்ணத்துக்குள் பூசிய பொன்

முலாம் என்ற சொல்லை யாராவது இளப்பமாகச் சொல்லிவிட்டால் ராமலிங்கத்துக்குப் பொறுக்காது. ஒருநாள் டீக்கடையில் ஒருத்தன், “அந்தாளு பேச்செல்லாம் வெறும் முலாம்ப்பா” என்று ஏதோ ஒரு கட்சிக்காரனைப் பற்றிச் சொல்லப்போக, இவர் குடித்துக்கொண்டிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சண்டைக்கே போய்விட்டார்.

“முலாம் ஒன்ன என்னா பண்ணிச்சு? நான் தங்கம்னு அது எங்கயாச்சும் வந்து சொல்லிச்சா? செம்புக்கு மேல பொன்னு இருக்கு, அவ்ளோதான். அதத் தங்கம்னு சொல்லிக் குடுக்கறான் பாரு, அவன் வாயத் திட்டு.”

முலாம் பூசிப் பிழைக்கிறவருக்கு ரோஷம் வரத்தானே செய்யும் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் அவருடைய கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வளையல் கொண்டுவரும் பெண்கள் “கவரிங்” என்பார்கள். கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்க முடியாமல் வருகிறவர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு “கில்ட்டு” என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர் தன் மெடலை மாதாமாதம் தூக்கிக்கொண்டு வந்து, “மிசியே, இத நல்லா தொரே பண்ணிக் குடு” என்று பிரெஞ்சு கலந்து சொல்வார். கோர்ட்டில் ஏலத்துக்கு வரும் சாமான்களின் ஜாபிதாவில் ‘பொன் முலாம் பூசப்பட்டது’ என்று எழுதியிருக்கும். யார் எப்படிச் சொன்னாலும் ராமலிங்கம் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்பார்: “இது முலாம். தங்கம்னு சொல்லி எவன் கையிலயும் குடுக்காத.” வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்துக்கொண்டுதான் போவார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

இந்த நேர்மைக்காக ஊரில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. பேர் அவருக்கு, நஷ்டம் அவருடைய தங்கை ஆதிலட்சுமிக்கு.

அது நடந்தது ஐம்பத்தேழில். மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்த முருகையன் என்பவனுக்கும் ஆதிலட்சுமிக்கும் நிச்சயம் செய்ய, மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் கழுத்தில் போட முருகையனின் அம்மா ஒரு சங்கிலியை எடுத்து நீட்டினாள். கொக்கியின் வளைவில் நிறம் வேறாக இருப்பது ராமலிங்கத்தின் கண்ணுக்குப் பட்டுவிட்டது. அவர் பேசாமல் உள்ளே போய் உரைகல்லை எடுத்துவந்து, கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் சங்கிலியை உரசிக் காட்டினார். “இது முலாம்” என்றார். முருகையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முருகையன் எழுந்து, ஆதிலட்சுமி நின்றிருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அம்மாவோடு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் பெண் கேட்டு வரவில்லை. நிச்சயத்துக்கு உரைகல்லோடு உட்காருகிற மச்சான் எவனுக்கு வேண்டும்? ராமலிங்கமும் தங்கை இருக்கத் தான் கட்டிக்கொள்வதா என்று இருந்துவிட்டார். முருகையன் உழவர்கரைப் பக்கம் பெண் எடுத்து, மூன்று பிள்ளைகளோடு இருப்பதாகக் கேள்வி. ஆதிலட்சுமி அதைப் பற்றி இருபத்தோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசினதில்லை. சமைத்தாள், கடையில் உட்கார்ந்து பூந்திக்கொட்டைத் தண்ணீரில் சாமான்களைத் தேய்த்துக் கொடுத்தாள். அவள் பேசாததால், அவள் மனசில் ஒன்றுமில்லை என்று ராமலிங்கம் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருந்தார். சரியான ஆள்!

எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை வெயிலில் இருதயமேரி கடைக்கு வந்தாள். முதலியார்பேட்டைக்காரி, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அவள் புருஷன் அல்போன்ஸ் மில் தொழிலாளி, செத்து ஐந்து வருஷமாகிறது. ஒரே மகன் அலெக்சாண்டர் சாமியாராகப் படித்து முடித்து, அடுத்த வாரம் குருப்பட்டம் வாங்கப்போகிறான். பட்டம் வாங்கின மறுநாள் சொந்தப் பங்குக் கோயிலில் முதல் பூசை வைப்பான்.

அவள் ஒரு துணிப்பையிலிருந்து பூசைக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். பழைய சாமியார் ஒருவர் அலெக்சாண்டருக்குக் கொடுத்தது. வெள்ளிக் கிண்ணம், உள்ளே பூசியிருந்த பொன் தேய்ந்து போயிருந்தது. திராட்சை ரசம் படுகிற உள்பக்கம் பொன்னாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை.

பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை முடிச்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். “இது என் தாலிண்ணே. அவரு கட்டினது. இந்தப் பொன்னத்தான் உள்ள பூசணும். வேற பொன்னு ஒரு பொட்டுகூடக் கலக்கக் கூடாது.”

சாமியாராகிற மகனுக்குத் தாய்மார்கள் இப்படிச் செய்வதுண்டு என்று ராமலிங்கம் கேள்விப்பட்டிருந்தார். செய்தது இல்லை. “நீங்க சொன்னபடியே தனிக் குடுவையில, தனிக் கரைசலா வெச்சிப் பூசித் தர்றேம்மா” என்றார். அவரும் இரண்டு கையால்தான் வாங்கிக்கொண்டார்.

மற்ற பொருளாக இருந்தால் முதல் வேலையாக உரைகல்லில் உரசியிருப்பார். ஆனால் தாலியை உரசுவது அந்தத் தொழிலில் கிடையாது. கட்டினவனைச் சந்தேகப்படுகிற காரியம் அது. எந்த ஆசாரியும் செய்யமாட்டான், எந்த மதத்துக்காரன் தாலியாக இருந்தாலும் சரி. மறுநாள் காலை முடிச்சை அவிழ்த்தபோது, புறா பொறித்த அந்தத் தாலி கையில் கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது. உள்ளே அரக்கு வைத்த பழைய வேலையாக இருக்கும் என்று நினைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திராவகக் குடுவைக்குள் விட்டார்.

பொன் கரைந்தால் திராவகம் மஞ்சளாகும். தேன்போலக்கூட ஆகும். அன்றைக்கு, அடியிலிருந்து பச்சை கிளம்பியது. முதலில் பாசி நிறம், அப்புறம் குடுவை முழுக்கக் கிளிப்பச்சை. புகை அடங்கும்வரை ராமலிங்கம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அரக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. முழுக்கச் செம்பு, மேலே முலாம்.

ஆதிலட்சுமி வாசற்படியில் நின்றபடி பார்த்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்த வேலையில் கூட இருந்தவளுக்கு நிறத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இதான் அந்தக்கா குடுத்ததா?”

“ஆமா.”

“போச்சா?”

“போச்சு. கரைஞ்சிடுச்சு. இனி எடுத்துக் காட்டவும் ஒண்ணுமில்ல.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாலியை உரசாமலே போட்டாயிற்று. இனிமேல், ‘அம்மா, உங்க தாலி முலாம்’ என்று சொன்னால் நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. விதவைத் தாலியைத் தின்றவன் என்று ஊர் சொல்லும். முப்பது வருஷம் கட்டிக் காத்த பேர் ஒரே நாளில் நாறிவிடும். சொல்லாமல் பூசிக் கொடுத்தாலோ, ஆயுசில் முதல் தடவையாக முலாமைத் தங்கம் என்று சொன்னவனாவார்.

“நான் போயிச் சொல்லிட்டு வந்துடறேன்” என்றார்.

“என்னான்னு?”

“உள்ளதத்தான். என்னைத் திருடன்னு சொன்னாலும் சரி, முலாமத் தாலிப் பொன்னுன்னு நான் சொல்லமாட்டேன்.”

“வேணாம்ணே.” ஆதிலட்சுமி மெதுவாகத்தான் சொன்னாள். “புருஷன் செத்தவ. அவகிட்ட போயி அவன் போட்டது முலாம்னு சொல்லி ஒனக்கு என்னா ஆவப்போவுது?”

“எனக்கு என்னா ஆவுதுங்கறது பேச்சில்ல. உண்ம ஆவணும்ல.”

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

கடலூர் ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்ற கால் மணி நேரமும் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டார். அல்போன்ஸ் ஏமாற்றினானோ, அல்போன்ஸை எந்தக் கடைக்காரன் ஏமாற்றினானோ, அதைத் திராவகம் சொல்லாது. ‘ஏமாந்தது யாருன்னு எனக்குத் தெரியாதும்மா, பொருள் இதுதான்’ என்று சொல்லிவிட வேண்டியது. ரயில் போனது. கேட் திறந்தது.

இருதயமேரியின் வீட்டு முன்னால் இரண்டு பேர் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மகன் அலெக்சாண்டர் வெள்ளைச் சட்டையோடு அவர்களுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி எடுத்துப் போட்டான். சுவரில் இருதய ஆண்டவர் படம். அதற்குக் கீழே அல்போன்ஸின் போட்டோ. ஒல்லியான மனுஷன், போட்டோ எடுக்கிறவனுக்குப் பயந்தவர் மாதிரி விறைத்து நின்றிருந்தார்.

ராமலிங்கம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இருதயமேரி பேச ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷத்தில் இருக்கிறவர்களை நிறுத்த முடியுமா?

“இவருதான் தம்பி, கிண்ணம் பூசறவரு. அண்ணே, பொன்னப் பாத்தீங்களா? எப்பேர்ப்பட்ட மனுசன் கட்டினது தெரியுமா! எழுவத்தொண்ணுல மில்ல மூடிட்டாங்களே, எட்டு மாசம், அப்ப வூட்டுல இருந்த அண்டா குண்டா, அவரு சைக்கிளு, என் கம்மலு, எல்லாம் போச்சு. கஞ்சிக்கு இல்லாம இருந்திருக்கோம். ஆனா இந்தத் தாலி மேல மட்டும் அவரு கை வெக்கல. மேரி, எது போனாலும் அது ஒன் கழுத்துல இருக்கும்பாரு.”

“அம்மா இத ஆயிரம் தரம் சொல்லியிருக்காங்க” என்றான் அலெக்சாண்டர், கொஞ்சம் வெட்கத்தோடு. “சாமியாராவணும்ங்கற அழைத்தல் எனக்கு எப்ப வந்துதுன்னு செமினாரில கேட்டப்ப, நான் அப்பாவத்தான் சொன்னேன். ஒரு வாக்கக் குடுத்தா அப்படித்தான் நிக்கணும்னு அவருகிட்ட கத்துகிட்டேன்னேன்.”

ராமலிங்கம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விரல் நுனியில் திராவகம் பட்ட மஞ்சள் கறை. “தாலி கழுத்த விட்டு எறங்கினதே இல்லையாம்மா?” என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“ஒரே ஒரு தரம். அதே வருசந்தான். எனக்கு வயித்துல ஆபரேசன். பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில நகையெல்லாம் கழட்டணும்னு நர்சம்மா கழட்டி அவரு கையில குடுத்தாங்க. மூணு நாளு சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு பாவம். ரத்தம் வேணும்னாங்க, வெளியில ஊசி மருந்து வாங்கிட்டு வான்னாங்க. மில்லும் இல்ல, கையில சல்லிக்காசு இல்ல. எங்க போயிப் பொரட்டினாரோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். எல்லாம் வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்கு நெனவு வந்து கண்ணத் தொறந்தப்ப, அவரே தாலிய எடுத்து மறுபடியும் கட்டினாரு. ‘இந்தா, ஒன்னோடது’ன்னு சொல்லிட்டுக் கோன்னு அழுதாரு. நான் பொழைச்சதுக்கு அழுவறாருன்னு நெனச்சிக்கிட்டேன். அந்த மனுசன் அழுது நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்.”

கேட்டுக்கொண்டிருந்த ராமலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மூன்று நாளில் ஏதோ ஒரு கடையில் தாலி போயிருக்கிறது. அதே புறா, அதே அளவு, செம்பில் ஒன்று செய்து, கெட்டியாக முலாம் போட்டு வாங்கியிருக்கிறான் அந்த ஒல்லியான மனுஷன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சாதி கண் திறக்கக் காத்திருந்திருக்கிறான். அவள் உடம்பில் ஓடுகிற ரத்தம் அந்தப் பொன். கட்டும்போது அழுததற்குக் காரணம் அவனுக்குத்தான் தெரியும். அந்தக் காரணத்தோடு இரண்டு வருஷம் கழித்துச் செத்தும் போனான்.

‘தாலிய வித்துத்தாம்மா உன்னைக் காப்பாத்தினாரு’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதுவும் உண்மைதானே, நல்ல உண்மைதானே. ஆனால் இருதயமேரி அதற்குள் சொல்லிவிட்டாள்: “அத மட்டும் வித்திருந்தாருன்னா நான் அந்தக் கட்டில்லயே உசிர விட்டிருப்பேண்ணே. அது இருக்குன்னுதான் இன்னைக்கும் நிமிந்து நடக்கறேன்.” பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “என்னாண்ணே, பொன்னு நல்லா இருக்குல்ல?”

அலெக்சாண்டரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல பொன்னும்மா” என்றார் ராமலிங்கம். “சொக்கத் தங்கம். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

கடைக்குத் திரும்பினபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆதிலட்சுமி சோறு போட்டாள். அவர் சாப்பிடாமல், கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆஸ்பத்திரி, மூன்று நாள், அல்போன்ஸ் அழுதது. “சொல்ல முடியலம்மா. வாய் வரல” என்றார். அவளை அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டது சின்ன வயசில்தான்.

“இப்ப எதப் பூசுவ?” என்று கேட்டாள் அவள்.

“கடைக் கரைசல்ல பொன்னு இருக்கு. அதுலதான் முக்கணும்.”

“அது ஊரான் வூட்டு வளையலும் மெடலும் முக்கின கரைசலு. அந்தக்கா தாலின்னு நெனச்சிக் கும்பிடப்போவுது. கும்பிடறதுக்குத் தகுந்தது உள்ள இருக்கணும்ல.” சொல்லிக்கொண்டே காதில் கையை வைத்தாள். திருகாணி இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் எண்ணெய் தொட்டுப் போட்டுத் திருகி, தோடு இரண்டையும் கழற்றி அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா சாவதற்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த தோடு.

“பைத்தியமா ஒனக்கு? எடு அத.”

“கல்யாணத்துக்குன்னு வாங்கினது. இங்கயாவது போவட்டும்.” அவள் எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். அவளிடம் அதற்கு மேல் வாதாட ராமலிங்கத்துக்குத் தெம்பும் இல்லை, தகுதியும் இல்லை.

மறுநாள் அந்தப் பச்சைத் திராவகத்தைச் சுண்டக் காய்ச்சி அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றினார். பொன் இருந்தால் அது தனியே பிரிந்து அடியில் இறங்கும். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டுப் பார்த்தபோது குடுவையின் அடியில் மூக்குப்பொடிச் சிட்டிகை அளவு பழுப்பாக ஒரு தூசி படிந்திருந்தது. அல்போன்ஸ் போட்ட முலாம். ராமலிங்கம் அதைத் தொழிலில் இதுவரை காட்டாத ஜாக்கிரதையோடு கழுவி எடுத்து, ஆதிலட்சுமியின் தோட்டுப் பொன் கரைந்த குடுவையிலேயே சேர்த்தார். இத்தனை காலம் எத்தனையோ பேருக்கு முலாம் பூசியிருக்கிறார், ஒருவன் எதற்காகப் பூசிக்கொண்டு போகிறான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

கிண்ணத்துக்குள் பொன் நன்றாகவே இறங்கியது. வாங்கிக்கொண்டு போக வந்த இருதயமேரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை ராமலிங்கம் அன்றைக்குச் சொல்லவில்லை.

முதல் பூசைக்கு அண்ணனும் தங்கையும் போயிருந்தார்கள். கோயிலில் நிற்க இடமில்லை. கடைசி வரிசையில் தூணோரமாக நின்றார்கள். அலெக்சாண்டர் கிண்ணத்தை இரண்டு கையாலும் உயர்த்தினபோது மணி அடித்தது; கூட்டம் முழுக்க மண்டியிட்டது. இவர்களும் மண்டியிட்டார்கள். முன்வரிசையில் இருதயமேரியின் தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. ராமலிங்கம் பக்கத்தில் இருந்த தங்கையைப் பார்த்தார். காது இரண்டிலும் வேப்பங்குச்சி. கை கூப்பி, கண் திறந்து, அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் துக்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஏதோ ஒரு வேலை ஒருவழியாக முடிந்ததைப் பார்க்கிற முகம்.

பூசை முடிந்து எல்லாரும் புதுச்சாமியாரின் உள்ளங்கையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். இருதயமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்தியே, ரொம்ப சந்தோசம். சாப்பிட்டுத்தான் போவணும். ஏன்டி, காதுல என்னா குச்சி? தோடு எங்க?”

“பூசக் குடுத்திருக்கேங்கா.”

“பூசற வூட்டுலயே பூசக் குடுத்து வாங்கறீங்களா? நல்ல கூத்து!” இருதயமேரி அழுத கண்ணோடு சிரித்தாள். ஆதிலட்சுமியும் சிரித்தாள். ராமலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கடலூர் ரோட்டில் நடந்து வந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெகுதூரம் வந்த பிறகு, “ஒனக்குத் தோடு செஞ்சி போட்டுடறேன். கொஞ்ச நாளு பொறுத்துக்கோ” என்றார்.

“பொறுத்துக்கறதுக்கு என்னா” என்றாள் அவள். கொஞ்ச தூரம் போனதும், “ஒண்ணு கேக்கட்டாண்ணே?” என்றாள்.

“கேளு.”

“அந்தக்கா வூட்டுல போயி ஒக்காந்து, என்னா நடந்துதுன்னு முழுக்கக் கேட்டுட்டு வந்தியே. அன்னைக்கு முருகையன் அம்மாவ, எதுக்காக முலாம் போட்டுக் கொண்டாந்தீங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

இருபத்தோரு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் இப்போதுதான் கேட்கிறார். சைக்கிள் தானாக நின்றுவிட்டது.

“கேக்கலம்மா.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அவங்க பொண்ண, அவரோட தங்கச்சிய, நகை கொறைச்சல்னு புருசன் வூட்டுல தொரத்தி வுட்டுட்டாங்க. இருந்த ஒரு சங்கிலிய அவளுக்குப் போட்டு அனுப்பிட்டாங்க. எனக்குன்னு எடுக்க மறுபடியும் காசு சேரணும். அதுக்குள்ள நிச்சயம் வந்துடுச்சு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெருக்குழாயில பாத்து முன்னாடியே சொன்னாரு. ஆதிலட்சுமி, இப்ப போடப்போறது முலாம், ஒரு வருசத்துல தங்கமா மாத்திப் போடறேன், ஒனக்குச் சம்மதமான்னு கேட்டாரு. நான் சரின்னேன்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அவங்க யாரையும் ஏமாத்தலண்ணே. போட்டுக்கறவளுக்குத் தெரியும். நீ கல்ல எடுத்துட்டு வந்து நடுவுல நின்னுட்ட. அத்தினி ஆம்பளைங்களுக்கு நடுவுல, எனக்குத் தெரியும்னு நான் எப்படி வாயத் தொறப்பேன்? அவனை எங்கடி பாத்துப் பேசினன்னு என்னையில்ல கேட்டிருப்ப.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நேற்றுக் கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள். ராமலிங்கம் சைக்கிளை விட்டுவிட்டார். அது சாய்வதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். அவர் ரோட்டோரத்து மதகுக் கட்டையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றி நினைக்காமல், வாய்விட்டு அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை. அவர் எழுந்து வரும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.